எழுபத்து நாலு சென்டிமீட்டர்

ஃப்ரீஸ்லாந்தில் புல்தரை பொய் சொல்லும்.
மாடு நிற்கிறது, நானும் நிற்கிறேன்.
ரின்ஸே ஒருமுறை குதித்தே காட்டினான்.
பத்தடி தள்ளி வாளித் தண்ணீர் நடுங்கியது.
"பார்த்தீர்களா, கெட்டி" என்றான்.
நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துளைக்கருவியைத் திருக வேண்டியிருக்கவில்லை,
தன் எடையிலேயே இறங்கியது
தயிருக்குள் கரண்டி போல.
நாலே கால் மீட்டரில்தான் சாம்பல் நிறக் களிமண்,
அதுவும் இளசு.
கெட்டி மணல் பதினேழு மீட்டருக்குக் கீழே.
அதுவரை தூண் இறக்க இவர்களிடம் காசில்லை.
இருப்பது ஒரு கேரவன்,
ஒரு மரவீட்டின் வரைபடம்,
ஹிஸ்கேயின் இரவுப்பணிச் சம்பளம்.

மேலே வந்ததை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தேன்.
விளையாட்டல்ல, சோதனை:
விரலிடுக்கில் வருவது தெளிந்த நீரா, தேநீர் நிறமா,
மண்ணே கூழாகி வழிகிறதா என்று பார்த்து
பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும்.
மூன்றில் ஒரு பங்கு வழிந்தது. ஆறு.
மிச்சத்தில் ஒரு நாணல் தண்டு,
கணுகூட அழியாமல்.
ஹிஸ்கே வாங்கி முகர்ந்தாள்.
"எத்தனை வயசு?"
"மூவாயிரம் இருக்கலாம்."
"இன்னும் மக்கி முடியவில்லையா" என்றாள்,
தாமதமாக வந்தவரிடம் கேட்பதுபோல்.

நாலிதழ்த் தகட்டைச் செருகித் திருப்பினேன்.
முள் எழுந்து, ஏழு கிலோபாஸ்கலில் தயங்கி,
சரிந்தது.
ஆய்வகத்தில் உலர்த்திப் பார்த்தேன்:
ஒரு கிலோ மண்ணுக்கு ஏழு கிலோ தண்ணீர்.
உலையில் எரித்தேன்:
நூறு கிராமுக்குப் பதினாலு கிராம் சாம்பல்.
அறிக்கையில் இப்படி எழுத முடியாது, ஆனாலும்
நிலம் என்று பத்திரத்தில் பதிவான ஒரு குளத்தை
வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே மணல்.
வீடு வரவேண்டிய இடத்தில் வீட்டைவிடக் கனமாய்
இரண்டரை மீட்டர் மேடு.
அடியில் ஒரு தகடு, தகட்டில் ஒரு கம்பி.
கம்பி எவ்வளவு இறங்கியதென்று
மாதம் ஒருமுறை வந்து பார்ப்பேன்.
பத்தொன்பது. அப்புறம் பதினொன்று. அப்புறம் ஆறு.
தண்ணீர் வெளியேற அவகாசம் கேட்டது.
கேரவன் சுவரில் பூஞ்சை ஏறியது.

ஏப்ரலில் மொத்தம் அறுபத்து மூன்று.
"போதாதா?"
"இன்னும் இறங்குகிறது."
"இந்த நாட்டில் எதுதான் இறங்கவில்லை" என்றான் ரின்ஸே.
அந்தச் சனிக்கிழமையே மண்வாரி ஒன்றை வாடகைக்கு எடுத்து
தெற்கு மூலையைச் செங்குத்தாக வெட்டினான்.
இரண்டு லாரி மணல் போனது.
மூன்றாவது வருமுன் ஞாயிறு வந்துவிட்டது.

வாரக்கடைசிக்குள் அந்த வெட்டுமுகத்தில்
முட்டைக்கோப்பை அகலத்தில் துளைகள்.
மணல் தகைவிலான்கள்.
ஆப்பிரிக்காவைக் கடந்து
ஒரு செங்குத்துச் சுவர் தேடி வந்திருக்கின்றன,
மேடே இல்லாத ஊருக்கு.
ரின்ஸே அவற்றுக்கு ஒன்று
செய்து கொடுத்திருக்கிறான்.

கூடு இருக்கும்வரை மணலைத் தொடக் கூடாது, சட்டம்.
நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து நாடா கட்டினாள்.
நாலு அறிக்கையில் நான் சொல்லிக் கேட்காதவன்
பதிமூன்று கிராம் பறவை சொல்லிக் கேட்டான்.
மே மாதம் முழுக்கத் திட்டினான்.
ஜூனில் நாற்காலி போட்டுக்கொண்டான்.
அதன் பின்னங்கால்கள் புல்லில் மெல்லப் புதைந்தன.
பணி முடிந்து வரும் ஹிஸ்கே
சீருடையோடு நின்று எண்ணுவாள்:
முப்பத்தொன்று. இல்லை, முப்பத்து நாலு.

செப்டம்பரில் துளைகள் காலி.
கம்பி எழுபத்து நாலு காட்டியது.
அந்தப் பதினொரு சென்டிமீட்டர்
அவர்கள் சமையலறையை
ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்திருக்கும்.
இதை நான் சொல்லவில்லை.
ரின்ஸே எண்ணைக் கேட்டு வாங்கி
கேரவன் கதவில் பென்சிலால் குறித்துக்கொண்டான்.

மணலை அள்ளி முடித்த நாளில்
அவன் குதிக்கவில்லை.
வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து
பத்தடி தள்ளி வைத்தான்,
என்னைக் குதிக்கச் சொன்னான்.
குதித்தேன்.
இருவரும் வாளிமேல் குனிந்தார்கள்.